இறந்தவரை ஸ்கேன் எடுத்தால் மரணத்துக்குக் காரணம் தெரிந்துவிடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒருவர் எதிர்பாராமல் இறந்துபோனால், அழுகைக்கு நடுவிலேயே யாராவது கேட்டுவிடுவார்கள்: "உடம்பை அறுத்துத்தான் பார்க்கணுமா? ஸ்கேன் எடுத்துச் சொல்லக் கூடாதா?" நியாயமான கேள்வி. போனவரின் உடலுக்கு ஊறு வரக் கூடாது, என்ன நடந்தது என்பதும் தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேட்பது. இரண்டும் சேர்ந்தே கிடைக்கிற மரணங்கள் உண்டு, கிடைக்காதவையும் உண்டு. எது எந்தப் பக்கம் என்று முன்னாடியே தெரிந்திருந்தால் பிற்பாடு மனம் உடைவது குறையும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், ஸ்கேன் போதுமா போதாதா?

சில மரணங்களுக்குப் போதும், பலவற்றுக்குப் போதாது. இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் மான்செஸ்டரிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் 182 பெரியவர்களின் உடல்களை சிடி, எம்ஆர்ஐ என்ற இரண்டு வகை ஸ்கேனிலும் படம் எடுத்து, படம் பார்த்த மருத்துவர்கள் காரணத்தை எழுதிவைத்த பிறகு வழக்கமான உடற்கூறாய்வு செய்து ஒப்பிட்டார்கள். முடிவு 2012-இல் வெளிவந்தது. சிடி சொன்ன காரணம் 32 விழுக்காடு மரணங்களில் உடற்கூறாய்வோடு பெரிய அளவில் முரண்பட்டது, எம்ஆர்ஐயில் 43 விழுக்காடு. மூன்றில் ஒன்று முரண்படுகிறது என்றால் சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அதே ஆய்வில் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது வேறொன்று. "இதற்கு உடற்கூறாய்வே வேண்டாம், படத்திலேயே தெளிவாக இருக்கிறது" என்று மருத்துவர்கள் சொன்ன மரணங்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தால் சிடியின் முரண்பாடு 16 விழுக்காடாக, அதாவது பாதியாக இறங்குகிறது. ஆகவே ரிப்போர்ட்டில் "இதுதான்" என்று இருக்கிறதா, "இதுவாக இருக்கலாம்" என்று இருக்கிறதா என்பதை அவசரத்தில் தாண்டிப் போய்விடாதீர்கள்.

அப்போ எதில்தான் ஸ்கேன் கெட்டி?

ரத்தம் எங்கே கொட்டியிருக்கிறது, எலும்பு எங்கே முறிந்திருக்கிறது, இருக்கக் கூடாத இடத்தில் காற்று இருக்கிறதா, உலோகத் துண்டு ஏதாவது உள்ளே போயிருக்கிறதா, இந்த நான்கிலும் சிடி மிகக் கெட்டி. மூளைக்குள் பெரிய ரத்தக்கசிவு, மகாதமனி கிழிந்து இதய உறைக்குள் ரத்தம் நிரம்புவது, நெஞ்சுக்குள் காற்று புகுந்து நுரையீரலை அமுக்கிவிடுவது, குண்டடி பட்டவரின் உடலில் துணுக்குகள் சிதறிக் கிடக்கும் இடங்கள், எல்லாம் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். முக எலும்புகள், தோள்பட்டையின் பின்புறம் என்று உடற்கூறாய்வில் சாதாரணமாகத் திறக்காத இடங்களில் கத்தியைவிட ஸ்கேன்தான் மேல்.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் இதை 'விர்டாப்சி' என்ற பெயரில் ஒரு துறையாகவே வளர்த்தார்கள். மெல்பேர்னில் உள்ள விக்டோரியா தடயவியல் மருத்துவ நிறுவனத்தில் 2005 முதலே வருகிற உடல்களுக்கு சிடி எடுப்பது அன்றாட வேலை. அப்படிப்பட்ட இடங்களிலும் ஸ்கேனை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு எழுதுவதில்லை. உடலை வெளியிலிருந்து பார்ப்பது, நோய் வரலாறு, இறந்த இடத்தின் நிலைமை, ரத்தப் பரிசோதனை எல்லாம் கூடவே வரும்.

மாரடைப்பு ஸ்கேனில் தெரியாதா?

அதிகம் பேர் தடுக்கி விழுகிற இடம் இதுதான். சாதாரண சிடியில் இதயத் தமனிகளில் சுண்ணாம்பு படிந்திருப்பது வெள்ளை வெளேர் என்று தெரியும், அதைப் பார்த்ததும் "மாரடைப்புதான்" என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அதே அளவு சுண்ணாம்போடு நடமாடிக்கொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர். சுண்ணாம்பு இருப்பது தமனி நோய் இருந்ததற்குச் சான்று, அன்றைக்கு அதுதான் உயிரை எடுத்தது என்பதற்குச் சான்று ஆகாது. மறுபக்கம், சுண்ணாம்பே இல்லாத மென்மையான கொழுப்புப் படிவு வெடித்து அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைத்தும் ஆள் போய்விடலாம். சிடி அதைக் காட்டாது.

இன்னொரு சிக்கல் நேரம். அடைப்பு ஏற்பட்ட அரை மணியிலோ ஒரு மணியிலோ ஒருவர் இறந்துவிட்டால் இதயத் தசையில் மாற்றம் தெரியவே அவகாசம் இருந்திருக்காது. அறுத்துப் பார்த்தாலும் வெறுங்கண்ணுக்குத் தசை நன்றாகவே இருக்கும், மைக்ரோஸ்கோப்பில் முதல் அடையாளங்கள் வருவதற்கே சில மணி நேரம் ஆகும். எம்ஆர்ஐயில் தசை வீக்கம் தெரிய வாய்ப்பு உண்டு, ஆனால் அதற்கும் அந்த ஆள் சில மணி நேரமாவது உயிரோடு இருந்திருக்க வேண்டும். மேலே சொன்ன 2012 ஆய்வில் ஸ்கேன் கோட்டைவிட்ட நோய்களின் பட்டியலில் இதயத் தமனி நோயும் நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பும் நிமோனியாவும் வயிற்று உறுப்புக் கோளாறுகளும்தான் இருந்தன. திடீர் மரணத்துக்கு அன்றாடம் காரணமாக இருப்பவையே இவைதானே.

ஆஞ்சியோ மாதிரி மருந்து செலுத்தி எடுத்தால்?

நல்ல முன்னேற்றம்தான். உயிரோடு இருப்பவருக்குக் கை நரம்பில், ரத்தக்குழாய்களைப் படத்தில் பளிச்சென்று காட்டும் மருந்தைச் செலுத்தினால் இதயமே அதை உடம்பெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கும். நின்றுபோன இதயம் அதைச் செய்யாது. அதனால் கழுத்துத் தமனி வழியாக மெல்லிய குழாயை இதயத்தின் வாசல் வரை கொண்டுபோய் அங்கே மருந்தை நிரப்பிப் படம் எடுக்கிறார்கள், இல்லையென்றால் தொடையில் உள்ள பெரிய ரத்தக்குழாய்கள் வழியாக இயந்திரம் வைத்து எண்ணெய் கலந்த மருந்தை உடல் முழுக்கச் சுழலவிடுகிறார்கள். இங்கிலாந்தில் லெஸ்டரில் முதல் முறையைக் கொண்டு செய்த ஆய்வு 2017-இல் வந்தது. அதில் ஏறக்குறைய 92 விழுக்காடு மரணங்களுக்குக் காரணம் சொல்ல முடிந்தது. காயங்களையும் ரத்தக்கசிவையும் பொறுத்தவரை உடற்கூறாய்வைவிட இது அதிகமாகக் கண்டுபிடித்தது, நுரையீரலுக்குப் போகும் ரத்தக்கட்டியைத்தான் இது அதிகமாகத் தவறவிட்டது.

குறையும் இருக்கிறது. இறந்த பின் குழாய்க்குள் தானாக உறைந்த ரத்தம் மருந்தை மறித்தால் அதுவும் அடைப்பு மாதிரியே தெரியும். உடலைப் புரட்டி மறுபடி எடுத்தால் சில சமயம் அந்த "அடைப்பு" காணாமல் போகும்! அப்புறம், மருந்து செலுத்துவதற்கு முன்பே ரத்த மாதிரி எடுத்து வைத்துவிட வேண்டும், பிறகு எடுத்தால் ரசாயனப் பரிசோதனையின் முடிவு கெடலாம்.

நுரையீரலுக்குப் போன ரத்தக்கட்டியை ஏன் கண்டுபிடிக்க முடிவதில்லை?

கால் நரம்பில் உருவாகிய கட்டி பிய்த்துக்கொண்டு போய் நுரையீரல் தமனியை அடைப்பது உயிரை எடுக்கும். இறந்த பிறகும் அதே தமனியில் ரத்தம் உறையும், அது எந்தத் தீங்கும் செய்யாதது. கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்: உயிரோடு இருக்கும்போது உண்டானது கெட்டியாக, உதிரும் தன்மையோடு, குழாயைப் புடைக்க வைத்து நிற்கும். இறந்த பின் உறைந்தது வழவழவென்று, ஜெல்லி மாதிரி, இழுத்தால் முழுசாக உருவிக்கொண்டு வரும். சிடியில் இரண்டுமே ஒரே சாம்பல் நிறம். ஊசி வைத்துத் துளி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது உதவும், ஆனால் அது வெறும் ஸ்கேன் இல்லையே.

ரிப்போர்ட்டில் "நுரையீரல் வெளுத்திருக்கிறது" என்று போட்டிருக்கிறார்கள். நிமோனியாவா?

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஏன் என்று ஒரு படத்துக்கே கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

மல்லாக்கப் படுக்க வைத்த ஒருவரின் நெஞ்சுப் படம், குறுக்குவெட்டு. நுரையீரலின் மேல்பாதி, அதாவது மார்புப் பக்கம், காற்று நிறைந்து கறுப்பாக இருக்கிறது. கீழே முதுகுப் பக்கம் போகப் போகச் சாம்பல் ஏறிக்கொண்டே வந்து அடியில் பால் வெள்ளையாகிவிடுகிறது, இரண்டு நுரையீரலிலும் ஒரே மாதிரி. இதயத்துக்குள் பாருங்கள், அங்கே ஸ்கேல் வைத்து இழுத்தது போல ஒரு கிடைக்கோடு, கோட்டுக்கு மேலே வெளிர், கீழே அடர்த்தி. கலங்கிய தண்ணீரை ஒரு டம்ளரில் அசையாமல் வைத்தால் மண் கீழே இறங்கி மேலே தெளியுமே, அதேதான். இதயம் நின்றபின் ரத்தத்தின் சிவப்பணுக்கள் கனத்தால் கீழே இறங்கிவிட்டன. முதுகுத் தோலில் ஊதாவாகத் தேங்கித் தெரிகிற ரத்தம் எப்படியோ, அப்படித்தான் நுரையீரலின் அடிப்பக்கமும்.

இப்போது அந்த வெள்ளைக்குள் உண்மையான நிமோனியா ஒன்று ஒளிந்திருந்தால்? படத்தை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்வது மிகவும் சிரமம். ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருந்தால், அல்லது மேலே மார்புப் பக்கத்திலும் திட்டுத்திட்டாக இருந்தால் சந்தேகம் வலுக்கும். உறுதி வேண்டுமென்றால் திசுவை எடுத்துப் பார்க்க வேண்டும், கிருமி வளர்த்துப் பார்க்க வேண்டும்.

இதே மாதிரி ஏமாற்றுகிற மாற்றங்கள் இன்னும் உண்டா?

நிறைய. மூளையின் சாம்பல் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் உள்ள வேறுபாடு இறந்தபின் மங்கிப்போகும், மூளை வீங்கிச் செத்தது மாதிரி ஒரு தோற்றம். தலையின் பின்பக்க ரத்தக்குழாய்களில் ரத்தம் தேங்கிப் பளிச்சென்று தெரியும்போது ரத்தக்கசிவு என்று எண்ணத் தோன்றும். அழுத்தம் இல்லாமல் மகாதமனி சுருங்கி அதன் சுவர் தடித்து வெள்ளையாகத் தெரியும், தமனிச் சுவர் கிழிந்ததோ என்று சந்தேகம் வரும். உடல் அழுக ஆரம்பித்தால் ஈரல், இதயம், மூளைக் குழாய்கள் எங்கும் வாயு. காற்று ரத்தக்குழாயில் புகுந்து இறந்தவரிடமும் இதயத்தில் வாயு தெரியும், நெஞ்சை அமுக்கி உயிர்ப்பிக்கப் பார்த்தவர்களிடமும் தெரியும். ஆகவே எத்தனை மணி நேரம் கழித்து எடுத்த படம் என்று தெரியாமல் வாயுவைப் பற்றி யாரும் உறுதியாகப் பேச முடியாது.

விலா எலும்பு முறிந்திருக்கிறது என்றார்கள். யாராவது அடித்திருப்பார்களா?

முதலில் கேட்க வேண்டியது, கடைசி நேரத்தில் நெஞ்சை அமுக்கினார்களா என்பது. அமுக்கினால் விலா எலும்புகளின் முன்பக்கமும் நெஞ்செலும்பும் முறிவது சகஜம். உயிரைக் காப்பாற்றப் பார்த்ததன் தழும்பு அது, அதைக் கொண்டு யார்மேலும் பழி போட்டுவிடாதீர்கள். முதுகுப் பக்க விலா, பழைய முறிவு ஆறிய தடம், கை கால் முறிவு என்று இருந்தால் அது வேறு கதை, விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு முறிவு சாவுக்குச் சற்று முன்பா, சற்றுப் பின்பா என்பதைப் படம் பல நேரம் சொல்லாது.

உலகம் அறிந்த உதாரணம் பண்டைய எகிப்தின் அரசர் துட்டன்காமன். அவருடைய உடலை 1968-இல் எக்ஸ்ரே எடுத்தபோது மண்டைக்குள் ஒரு எலும்புத் துணுக்கு தெரிந்தது. தலையில் அடித்துக் கொன்றுவிட்டார்கள் என்ற கதை அதிலிருந்து கிளம்பிப் பல பத்தாண்டுகள் ஓடியது. 2005-இல் சிடி எடுத்தார்கள். துணுக்குகள் உள்ளே தளர்வாகக் கிடந்தன. பதப்படுத்தும்போது மண்டைக்குள் ஊற்றிய பிசினில் அவை ஒட்டவில்லை, அடிபட்டு உடைந்தவையாக இருந்திருந்தால் ஒட்டியிருக்க வேண்டும். கொலைக் கதை அதோடு விழுந்தது. ஆனால் அதே சிடியில் இடது தொடை எலும்பில் ஒரு முறிவு தெரிந்தது, அது சாவதற்குச் சில நாள் முன்பு உண்டானதா, 1922-இல் கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டரின் குழு பின்னர் உடலைக் கையாண்டபோது உண்டானதா என்று படம் எடுத்த குழுவுக்குள்ளேயே ஒத்த கருத்து வரவில்லை. நூற்றுக்கணக்கான வெட்டுப் படங்கள் கையில் இருந்தும் நிலைமை இது.

விஷமோ மாத்திரை அதிகமானதோ ஸ்கேனில் தெரியுமா?

தெரியாது. இரைப்பையில் மாத்திரைகள் கரையாமல் கிடந்தால் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியலாம், அபின் வகை மருந்தால் இறந்தவர்களிடம் நுரையீரலில் நீர், மூளை வீக்கம், நிரம்பிய சிறுநீர்ப்பை மூன்றும் சேர்ந்து காணப்படுவது உண்டு. ஆனால் இவை எல்லாம் குறிப்புகள்தான், வேறு மரணங்களிலும் வரும். ரத்தம், சிறுநீர், விசரா எனப்படும் உள்ளுறுப்பு மாதிரிகளை ஆய்வகத்தில் பரிசோதிப்பதைத் தவிர வேறு வழியில்லை. சர்க்கரை கண்டபடி ஏறி இறந்தாரா என்பதைக் கண்ணுக்குள் இருக்கும் திரவத்தை எடுத்துச் சோதித்துச் சொல்லலாம், ஒவ்வாமையால் இறந்தாரா என்பதற்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. இரண்டுக்கும் ஸ்கேன் வாய் திறக்காது.

தூக்கு, கழுத்து நெரிப்பு, தண்ணீரில் மூழ்கியது?

கழுத்தில், நாக்கின் அடியில் உள்ள ஹயாய்டு எலும்போ குரல்வளைக் குருத்தெலும்போ முறிந்திருந்தால் சிடி காட்டும். ஆனால் முறியாமலேயே இறந்தவர்கள் ஏராளம், இளம் வயதில் அந்த எலும்பு வளைந்துகொடுக்கும். அதன் இயற்கையான மூட்டையே முறிவு என்று தவறாகப் படித்துவிடவும் முடியும். கழுத்துத் தசைகளுக்குள் சின்னச் சின்ன ரத்தக்கசிவு, கண்ணிமைக்குள் சிவப்புப் புள்ளிகள், தோலில் நகக்கீறல், இவைதான் உண்மையைச் சொல்லும் அடையாளங்கள், இவற்றை சிடி பார்க்காது. தலையணையால் மூச்சை அடைத்தால் படத்தில் எதுவுமே இல்லாமல் போகலாம். சந்தேகம் துளி இருந்தாலும் ஸ்கேனோடு நிறுத்தச் சம்மதிக்காதீர்கள், இதை அழுத்தித்தான் சொல்கிறேன்.

மூழ்கியதில் மூக்கை ஒட்டிய எலும்புக் குழிகளிலும் மூச்சுக்குழாயிலும் நீர் தெரியும். ஆனால் இறந்த உடலைத் தண்ணீரில் போட்டாலும் நீர் உள்ளே போகும், அதனால் அது மட்டும் மூழ்கி இறந்ததற்குச் சான்று ஆகாது.

எம்ஆர்ஐ எடுத்தால் இன்னும் துல்லியமாக இருக்குமே?

மூளை, தண்டுவடம், இதயத் தசை, மென்திசுக் காயம் ஆகியவற்றுக்கு எம்ஆர்ஐ மேல். ஆனால் நேரம் அதிகம் பிடிக்கும், குளிர்பெட்டியில் இருந்த உடலின் வெப்பநிலை படத்தின் நிறபேதத்தையே மாற்றிவிடும், அதற்கேற்ப அமைப்புகளைத் திருத்தாவிட்டால் படம் குழப்பும். கருவிலேயே இறந்த குழந்தைகளுக்கும் பச்சிளங்குழந்தைகளுக்கும்தான் இது பெரிய வரம். 400 பேரைக் கொண்டு செய்த ஆய்வு ஒன்று 2013-இல் வந்தது. எம்ஆர்ஐயோடு ரத்தப் பரிசோதனை, நஞ்சுக்கொடிப் பரிசோதனை போன்றவற்றையும் சேர்த்தபோது சுமார் 89 விழுக்காடு மரணங்களில் முழு உடற்கூறாய்வோடு ஒத்துப்போனது. வளர்ந்த குழந்தைகளிடம் பொருத்தம் குறைந்தது. பெற்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

படத்தை யார் பார்க்கிறார்கள் என்பது முக்கியமா?

மிக முக்கியம். உயிரோடு இருப்பவர்களின் படங்களையே ஆண்டுக்கணக்காகப் பார்த்துப் பழகிய மருத்துவர், மேலே சொன்ன இயல்பான மாற்றங்களை நோய் என்று எழுதிவிட வாய்ப்புண்டு. கண்ணுக்கு முன்னால் இருப்பதும் தப்பும்: ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991-இல் கிடைத்த ஐயாயிரம் ஆண்டுப் பழைய மனிதரின் இடது தோளில் அம்புமுனை இருப்பது 2001-இல்தான் கவனத்துக்கு வந்தது, அதற்குள் பத்து ஆண்டுகள் அவரை எத்தனையோ பேர் ஆராய்ந்திருந்தார்கள்.

ஸ்கேனில் "ஒன்றும் இல்லை" என்று வந்தால் என்ன அர்த்தம்?

படத்தில் தெரிகிற மாதிரி ஒன்றும் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். இதயத் துடிப்பின் மின்னோட்டம் குழம்பி நின்றுபோனால் தடம் இருக்காது. வலிப்பில் இறந்தால், மின்சாரம் தாக்கினால், ஒவ்வாமை வந்தால், ரத்தத்தில் உப்புகளின் அளவு தாறுமாறானால், எல்லாவற்றிலும் படம் சுத்தமாக வரலாம். முழு உடற்கூறாய்வுக்குப் பிறகும் காரணம் பிடிபடாத மரணங்கள் உண்டு. அதிலும் இளம் வயதில் ஒருவர் திடீரென்று போய், படத்திலும் உடற்கூறாய்விலும் எதுவும் கிடைக்கவில்லை என்றால், பரம்பரையாக வரும் இதயத் துடிப்புக் கோளாறா என்று மரபணுப் பரிசோதனைக்கு ரத்தமோ திசுவோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் இதய மருத்துவரைப் பார்த்து இசிஜி எடுத்துக்கொள்ள வேண்டும், அவர்களைக் காப்பாற்ற இன்னும் நேரம் இருக்கிறது.

ரிப்போர்ட் வந்துவிட்டது. மருத்துவரிடம் என்ன கேட்கட்டும்?

படத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட, "இது இருந்தது, சரி, இதனால்தான் இறந்தாரா?" என்று கேளுங்கள். உங்கள் சந்தேகம் எதுவோ அதை வெளிப்படையாகச் சொல்லி, அந்த வகை மரணம் ஸ்கேனில் தெரியக்கூடியதுதானா என்று கேளுங்கள். இறந்து எத்தனை மணி நேரம் கழித்து எடுத்தார்கள், மருந்து செலுத்தி எடுத்தார்களா, ரத்தமும் திசுவும் எடுத்து வைத்திருக்கிறார்களா என்பதை எல்லாம் உடலை வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், உடல் எரிந்த பிறகு மாதிரி எடுக்க வழியில்லை. படத்தின் நகல் கொடுப்பார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். அந்தக் கோப்பைப் பல ஆண்டு கழித்தும் வேறொரு மருத்துவர் திறந்து, முதல் வெட்டிலிருந்து மறுபடி பார்க்கலாம்.